தேதி ஒன்று, கரைகள் இரண்டு

'வரலாற்றில் இன்று' என்று தலைப்பிட்டுப் பத்திரிகைகள் நாள்தோறும் வெளியிடும் சிறு பெட்டியைப் படிக்காமல் தாளை மடித்து வைப்பவர்கள் மிகச் சிலரே. பிறந்தவர் ஒருவர், இறந்தவர் ஒருவர், கையெழுத்தான உடன்படிக்கை ஒன்று, மூழ்கிய கப்பல் ஒன்று என்று, ஒருவருக்கொருவர் முகமறியாதவர்களையெல்லாம் ஒரே தேதியின் கீழே அமர்த்திவிட்டு, அவர்களை எதற்காக நினைக்கிறோம் என்பதைச் சொல்லாமலே அப்பெட்டி முடிந்துவிடுகிறது. அது வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதை எழுதுகிறவர் தாம் இருக்கும் ஊரின் மண்ணில் காலூன்றி நின்று எழுத வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். கொச்சியின் தென்கோடியில் காயலோரமாக அமைந்த இந்த இடக்கொச்சியிலிருந்து பார்க்கிறவனுக்கு, இதை விளக்க டிசம்பர் 24-ஐக் காட்டிலும் பொருத்தமான தேதி கிடைப்பது அரிது.

இடக்கொச்சியில் பஸ் ஏறி, பள்ளுருத்தி, தோப்பும்படி வழியாக வடக்கே போனால் கோட்டைக் கொச்சி. அங்கே, 1503-இல் மரத்தால் எழுப்பப்பெற்றுப் பின் 1516-இல் கட்டடமாக மாற்றப்பெற்ற புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், கயிறு கட்டி இழுக்கும் பழைய துணி விசிறிகள் இன்றும் தொங்குகின்ற கூடத்தின் ஓரத்தில், கம்பியடைப்புக்குள்ளே தரையோடு தரையாகப் பதிந்த கல் ஒன்று இருக்கிறது. ராஜப்பிரதிநிதி என்ற பட்டத்தோடு மூன்றாம் முறையாக இந்தியாவுக்கு வந்து, மூன்று மாத காலமே அதிகாரம் செலுத்தி, 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் காலமான வாஸ்கோ ட காமாவை அடக்கம் செய்த இடம் அது. சில ஆண்டுகளுக்குப் பின் எலும்புகளைப் போர்த்துகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். குழியும் கல்லும் நம் ஊருக்கு மிஞ்சின. கடல்வழி கண்டவர் என்ற ஒற்றை வரியோடு இவரைப் பற்றிய குறிப்பு நின்றுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மக்கா யாத்திரை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆண், பெண், குழந்தைகளோடு ஒரு கப்பலை 1502-இல் இவர் கொளுத்திய கொடுமை, 1498-இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய செய்திக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டிய சரித்திரம்.

இதில் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. காமா இறந்த டிசம்பர் 24 நம்முடைய டிசம்பர் 24 அல்ல. அந்நாளில் போர்த்துகீசியர் கைக்கொண்டிருந்தது ஜூலியஸ் சீசர் வகுத்த பழைய பஞ்சாங்கம். சூரியனின் கதியிலிருந்து அது பத்து நாள் விலகிப்போனதைத் திருத்துவதற்காகப் போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் புதுக் கணக்கை விதித்தபோது, அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. ஆங்கிலேயரோ 1752 வரை பழைய கணக்கையே விடாமல் வைத்திருந்தார்கள். இன்றைய கணக்கில் பார்த்தால் காமாவின் மரணம் 1525 ஜனவரி 3. எங்கள் அண்டைவீட்டு மலையாளிகள் பிறந்தநாள் கொண்டாடுவது 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டின் மாதத்தையும் ஜன்ம நட்சத்திரத்தையும் வைத்து. நம்மவர் தகப்பனாருக்குத் திவசம் கொடுப்பது திதியை வைத்து. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் உத்தேசமாக எழுதிக்கொண்டதே பிறந்த தேதியாக நிலைத்துவிட்ட முதியவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. ஆகவே, இரண்டு சம்பவங்கள் ஒரே தேதியில் விழுந்தன என்பதிலிருந்து தெய்வ சங்கல்பத்தையோ கிரக பலனையோ ஊகித்துக்கொள்ள இடமில்லை. தேதி நமக்குத் தருவது நினைப்பதற்கு ஒரு சந்தர்ப்பம். அச்சந்தர்ப்பத்தில் எதை நினைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு நம்முடையது.

இனித் தெற்கே திரும்புவோம். பாலத்தைக் கடந்தால் அரூர். அதற்கப்பால் காயலின் மறுகரையில் அரூக்குற்றி. இடக்கொச்சி கொச்சி ராஜ்யத்திலும் அரூர் திருவிதாங்கூரிலும் இருந்த அந்தக் காலத்தில், காமா மறைந்து நானூறு ஆண்டுகள் நிறைந்த அதே 1924-இல், வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து மார்ச் 30-இல் சத்தியாக்கிரகம் தொடங்கி, டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் முதலிய தலைவர்களெல்லாம் சிறைப்பட்ட நிலையில், அழைப்பை ஏற்று ஈரோட்டிலிருந்து வந்து போராட்டத்தை நடத்தியவர் பெரியார் ஈ.வெ. ராமசாமி. முதல் தண்டனையாக அவரை ஒரு மாதம் அடைத்து வைத்தது இந்த அரூக்குற்றிச் சிறையில்தான். விடுதலையானதும் மீண்டும் வைக்கத்துக்கே போய், இரண்டாம் முறையும் சிறை புகுந்தார். அவருடைய மனைவி நாகம்மையாரும் அப்போராட்டத்தில் கலந்துகொண்டார். அந்தப் பெரியார் தமது 94-ஆம் வயதில், சென்னை தியாகராய நகரில் தம் கடைசிச் சொற்பொழிவை ஆற்றிய ஐந்தாம் நாள், வேலூர் மருத்துவமனையில் காலமானது 1973 டிசம்பர் 24.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1987-இல் அதே தேதியின் விடியலுக்கு முன், ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். மறைந்தார். இலங்கையில் நாவலப்பிட்டியில் பிறந்து, பாலக்காட்டு வடவன்னூரைத் தாய்வழி ஊராகக் கொண்டு, தமிழ்நாட்டின் முதலமைச்சரான அவரையும் பெரியாரையும் ஒரே வரியில் வைப்பதற்குத் தேதியைவிட உறுதியான காரணம் ஒன்று உண்டு. பெரியார் தம் பத்திரிகையில் பல்லாண்டுகள் கையாண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை, அவருடைய நூற்றாண்டையொட்டி 1978-இல் அரசாணையாக்கியது எம்.ஜி.ஆர். அரசு. இந்தக் கட்டுரையில் வாசகர் கண்ணில் படுகின்ற 'லை', 'னை' என்னும் எழுத்துகள் பழைய துதிக்கை வடிவத்தை விட்டு இப்படி நேராக நிற்பது அதனால்தான். இத்தகைய காரணகாரியத் தொடர்பைச் சொல்வதற்கு இரண்டு வரி போதும்; அந்த இரண்டு வரியைத்தான் பெட்டிகள் ஒதுக்கிவிடுகின்றன.

பாடகர் முகமது ரஃபி 1924 டிசம்பர் 24-இல் பஞ்சாபில் பிறந்தார். இந்துஸ்தானி இசையில் மனம் பறிகொடுத்த மட்டாஞ்சேரிக்கு அதை யாரும் நினைவூட்டத் தேவையில்லை. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றதும் இதே தேதியில். 1968-இல் அப்பல்லோ 8 விண்கலம் சந்திரனைச் சுற்றத் தொடங்கியதும், சந்திரனின் விளிம்புக்கு மேலே பூமி உதிக்கின்ற அந்தப் புகழ்பெற்ற வண்ணப்படம் எடுக்கப்பட்டதும் இத்தேதியில்தான். படம் எடுத்தபோது நம் கடிகாரப்படி இரவு பத்து மணி கடந்திருந்தது. மறுநாள் இரவு, தஞ்சை ஜில்லாவில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தேதி ஒன்று தள்ளிப்போனதால் 24-ஆம் தேதிப் பெட்டியில் இவர்களுக்கு இடமில்லை. 25-ஆம் தேதிப் பெட்டியிலோ நியூட்டனுக்கும் ராஜாஜிக்கும் கிடைக்கின்ற இடம் பல ஆண்டுகளில் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. புகழ்பெற்ற தனிமனிதரின் ஜனன மரணங்களைக் கொண்டே நாட்களை நிரப்புகின்ற வழக்கத்தின் பெரிய குறை இது என்பேன்.

டிசம்பர் 24-இல் கேரளத்துப் பள்ளிகளெல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருக்கும். காலைக் கூட்டத்தில் ஒரு மாணவன் எழுந்து நின்று அந்நாளின் விசேஷத்தைப் படிப்பதற்கு வழியில்லை. அன்று அப்பணி முழுவதும் பத்திரிகையின் தலையில் விழுகிறது. கொச்சிப் பதிப்பின் ஆசிரியர்கள் அந்தப் பெட்டியைச் சற்றே அகலமாக்கி, காமாவின் பெயரோடு அவர் கொளுத்திய கப்பலையும் பழைய பஞ்சாங்கத்தின் பத்து நாள் வித்தியாசத்தையும், பெரியாரின் பெயரோடு அரூக்குற்றிச் சிறையையும் வைக்கத்து வீதிகளையும், எம்.ஜி.ஆர். பெயரோடு 1978-இன் அரசாணையையும் அச்சிட்டு, மறுநாள் பெட்டியின் முதல் வரியைக் கீழ்வெண்மணிக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.