டிரைவ் சாகேல்ல, பெயரைத்தான் காணேல்ல

எங்கட வீடுகளில 2000க்கும் 2015க்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி சீடியிலும் டிவிடியிலும்தான் கிடக்கிறது. அக்காவின்ட சாமத்தியவீடு, மாமாவின்ட கலியாணம், அப்பப்பாவின்ட செத்தவீடு, பள்ளிக்கூட ஒளிவிழா, கோயில் தேர், கனடாவிலிருந்து சித்தி அனுப்பின பிறந்தநாள் வீடியோ. எல்லாம் அலுமாரிக்குள்ள பிளாஸ்டிக் உறையோட இருக்கு. ஆனால் போட்டுப் பார்க்க வழியில்லை. இப்ப வாங்குற மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சீடி டிரைவே இல்லை.

மிச்சம் இருக்கிற வழி, மூலையில் தூசி பிடிச்சுக் கிடக்கிற பழைய டெஸ்க்டொப். அதில விண்டோஸ் ஆமை வேகம். ஆகவே வீட்டில கொஞ்சம் விசயம் தெரிஞ்ச பிள்ளை ஒன்று லினக்ஸ் மின்ட்டோ லுபுண்டுவோ போட்டு அதுக்கு உயிர் குடுக்குது. கணினி நல்லா ஓடுது. பிறகு டிவிடியை உள்ளே தள்ளினால், பிளேயர் சொல்லுது: ‘டிவிடி’ என்ற சாதனம் இல்லை.

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு தீர்ப்புகள் வரும். ஒன்று, "டிரைவ் செத்துப் போச்சு, எறியுங்கோ." மற்றது, "லினக்ஸ் சரிவராது, போர்மட் பண்ணி விண்டோஸ் போடுங்கோ." அந்த ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதையும் சொல்ல ஏலாது என்பதுதான் எங்கட கருத்து. காணாமல் போனது பொருளா, பொருளின்ட பெயரா என்று முதலில் கேட்கவேணும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் டிரைவை எறிஞ்சாலோ போர்மட் பண்ணினாலோ, வீட்டின் நினைவுகளில் ஒரு துண்டு அதோட சேர்ந்து போகக்கூடும். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் வேறெங்கும் இல்லாத படங்கள் கிடக்கலாம்.

வீடும் பெயர்ப்பலகையும்

லினக்ஸில் கணினியோட பூட்டப்பட்ட சாதனங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ‘டெவ்’ என்ற போல்டருக்குள் ஒரு கோப்பாகத் தெரியும். (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி எழுதுகிறோம். கணினியில அடிக்கேக்க ஆங்கிலச் சின்ன எழுத்தில அடியுங்கோ.) முதலாவது சீடி அல்லது டிவிடி டிரைவின் உண்மைப் பெயர் எஸ்ஆர்0. இரண்டாவது இருந்தால் அது எஸ்ஆர்1. ‘சிடிரொம்’, ‘டிவிடி’ என்று அதே போல்டரில் தெரிகிறவை சாதனங்கள் இல்லை. எஸ்ஆர்0 இருக்கிற பக்கத்தைக் கைகாட்டும் இணைப்புகள் மட்டுமே.

ஊரில ஒரு வீட்டுக்கு நகரசபை குடுத்த இலக்கம் ஒன்று இருக்கும். சனம் அதைச் சொல்லாது, "டாக்குத்தர் வீடு" என்றுதான் சொல்லும். டாக்குத்தர் லண்டன் போய் இருபது வருசமானாலும் பெயர் அதுதான். ஒருநாள் மதிலில இருந்த பெயர்ப்பலகை கழண்டு விழுந்தால், புதுசா வாற தபால்காரர் வீட்டைக் காணேல்ல எண்டு திரும்பிப் போவார். வீடு இடிஞ்சா போச்சு?

எஸ்ஆர்0 என்ற கோப்பை உண்டாக்குவது லினக்ஸின் மையமான கேர்னல். பெயர்ப்பலகையை மாட்டுவது யூடெவ் என்ற இன்னொரு நிரல். யூடெவ் 2003இல் வந்தது, 2012இல் சிஸ்டம்டி என்ற பெரிய தொகுப்போடு சேர்ந்தது. சாதனம் வந்திருக்கிறது என்று கேர்னல் அறிவித்ததும், யூடெவ் தன்னிடமுள்ள விதிக் கோப்புகளை வாசித்து, எந்தப் பெயரை மாட்டவேணும், ஆருக்கு அனுமதி குடுக்கவேணும் என்று முடிவெடுக்கும். வேலை இரண்டு, செய்கிற ஆக்களும் இரண்டு. ஆகவே ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போகலாம்.

இந்தப் பெயர்ப்பலகை ஏன் தேவைப்பட்டது? முந்தி சீடி டிரைவ் எந்த வயரில், எந்த வரிசையில் பூட்டப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்து எச்டிபி, எச்டிசி, எச்டிடி என்று பெயர் மாறும். பிறகு பழைய ஐடிஈ டிரைவ்களும் எஸ்ஆர் வரிசைக்கு மாறின. 2021இல் வந்த 5.14 கேர்னலோடு அந்தப் பழைய ஐடிஈ நிரல்கள் முழுதாக அகற்றப்பட்டன. இப்படி உண்மைப் பெயர் மாறிக்கொண்டிருக்க, எம்பிளேயர் போன்ற பிளேயர்கள் ‘டிவிடி’ என்ற நிலையான பெயரைத் தேடினால் போதும் என்று ஆக்கி வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பலகையை எல்லா லினக்ஸும் ஒரேமாதிரி மாட்டுவதில்லை. சிஸ்டம்டியோடு வருகிற விதி எஸ்ஆர்0க்கு ‘சிடிரொம்’ என்ற பெயரை மட்டும் குடுக்கிறது. டெபியன் வழி வந்தவை ‘டிவிடி’ போன்ற பழைய பெயர்களுக்கும் சேர்த்து விதி வைத்திருக்கின்றன. வேறு சில வைத்திருப்பதில்லை. அங்கே ‘டிவிடி’யைத் தேடும் பிளேயர் வெறுங்கையோடுதான் திரும்பும்.

இன்னொரு சிக்கல் பழைய உபுண்டு, டெபியன் பதிப்புகளில் உண்டு. அவற்றில் யூடெவ் ஒவ்வொரு டிரைவையும் அடையாளம் வைத்து, ‘சிடிரொம்’ என்ற பெயரை முதல் டிரைவுக்கே நிரந்தரமாக எழுதிவைக்கும். அந்த டிரைவ் பழுதாகி நீங்கள் வேறொன்று பூட்டினால், புதுசுக்குக் கிடைப்பது ‘சிடிரொம்1’. ஒரு கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் பூட்டினாலும் இதே கதைதான். செத்த ஆளின்ட பெயரில இன்னும் காணி உறுதி இருக்கிற மாதிரி.

கேட்கிற ஒழுங்கு

ஆகவே கேள்விகளை ஒழுங்காகக் கேட்போம். முதல் கேள்வி: எஸ்ஆர்0 இருக்கிறதா? டேர்மினலைத் திறந்து டெவ் போல்டரை ‘எல்எஸ் மைனஸ் எல்’ கட்டளையால் பாருங்கோ. எஸ்ஆர்0 இருந்து ‘சிடிரொம்’, ‘டிவிடி’ இல்லையென்றால் நல்ல செய்தி. கேர்னலுக்கு டிரைவ் தெரியும், பலகைதான் விழுந்திருக்கு. அவசரத்துக்கு விஎல்சியில் டிஸ்க்கைத் திறக்கும் இடத்தில் சாதனத்தின் பெயராக எஸ்ஆர்0இன் முழுப் பாதையைக் குடுத்துப் பாருங்கோ.

எஸ்ஆர்0ஏ இல்லையென்றால் இரண்டாவது கேள்வி: கேர்னல் டிரைவைக் கண்டதா? ‘டிமெசெஜ்’ கட்டளை, கணினி எழும்பின நேரத்திலிருந்து கேர்னல் எழுதின நாட்குறிப்பைக் காட்டும். அதில் உங்கட டிரைவின் கொம்பனிப் பெயரும் மொடலும் இருந்து, எஸ்ஆர்0 மட்டும் இல்லையென்றால், ‘எஸ்ஆர்_மொட்’ என்ற கேர்னல் துண்டு ஏறியிருக்காது. ‘மொட்புரோப்’ கட்டளையால் அதை ஏற்றலாம். நாட்குறிப்பில் டிரைவின் பெயரே இல்லையென்றால்தான் பெட்டியைத் திறக்கிற வேலை. டேட்டா வயர், கரண்ட் வயர், பயோஸில் அந்த சாட்டா வாய் மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கோ. யூஎஸ்பி டிரைவ் என்றால் கரண்ட் போதாமல் இருக்கலாம். யூஎஸ்பி 2.0 வாய் ஒன்றிலிருந்து ஒரு சாதனம் எடுக்கக்கூடியது 500 மில்லிஅம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சில டிரைவ்களுக்கு அது காணாது. அதனால்தான் சிலவற்றுக்கு இரண்டு தலை வயர் தருகிறார்கள்.

மூன்றாவது: எஸ்ஆர்0 இருந்தும் அனுமதி மறுக்கப்படுகிறதா? அப்படியென்றால் உங்கட பயனர் கணக்கு ‘சிடிரொம்’ என்ற குழுவில் இருக்கிறதா என்று பாருங்கோ. நாலாவது: எல்லாம் சரி, டிஸ்க்கைத்தான் வாசிக்கவில்லையா? கடையில் வாங்கின படச் சீடி ஒன்றைப் போட்டுப் பாருங்கோ. அது ஓடினால் டிரைவைக் குற்றம் சொல்ல முதல் உங்கட டிஸ்க்கைச் சந்தேகியுங்கோ.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். டிரைவுக்குள் டிஸ்க் இல்லாவிட்டாலும் எஸ்ஆர்0 இருக்கும். அது டிரைவின் பெயர், டிஸ்க்கின் பெயர் இல்லை. பாட்டுச் சீடியைப் போட்டால் போல்டர் மாதிரித் திறக்கவில்லை என்று பயப்படவும் வேண்டாம். பாட்டுச் சீடியில் கோப்பு முறைமையே கிடையாது.

ஒட்டுப் போடுறதும் திருத்துறதும்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் மருந்து ‘எல்என் மைனஸ் எஸ்’ என்ற கட்டளை. எஸ்ஆர்0க்கு ‘டிவிடி’ என்று கையால் ஒரு இணைப்புப் போடும். வேலை செய்யும். ஆனால் கணினியை நிப்பாட்டிப் போட்டால் இணைப்பும் போகும். டெவ் போல்டர் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. நினைவகத்தில், ஒவ்வொருமுறை கணினி எழும்பும்போதும் புதிதாகக் கட்டப்படுவது. இது தெரியாத ஆள் அடுத்தநாள் வந்து, "நேற்று ஓடினது, இண்டைக்கு ஓடேல்ல, லினக்ஸை நம்ப ஏலாது" என்று சொல்லும். அப்படிச் சொல்கிறவரில் பிழையில்லை. ஏன் ஓடினது என்று சொல்லாமல் கட்டளையை மட்டும் குடுத்தவரில்தான் பிழை.

நிலைக்கிற திருத்தம், யூடெவுக்கு ஒரு விதி எழுதுவது. கேர்னல் தந்த பெயர் எஸ்ஆர்0 ஆனால் அதுக்கு ‘சிடிரொம்’, ‘டிவிடி’ என்ற இணைப்புகளைச் சேர் என்று ஒரே ஒரு வரி. இரண்டு டிரைவ் இருந்தால் எஸ்ஆர் இலக்கம் இடம் மாறலாம், ஆகவே டிரைவின் தொடர் இலக்கத்தை வைத்து எழுதுவது பாதுகாப்பு. வரியை எப்படி எழுதுவது என்பது ‘மேன் யூடெவ்’ என்று அடித்தால் உங்கட கணினிக்குள்ளேயே இருக்கு. இணையமும் தேவையில்லை. பழைய விதிக் கோப்பில் செத்த டிரைவின் பெயர் கிடந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கோ.

"ஒரு கலியாண வீடியோ பார்க்க இவ்வளவும் படிக்கவேணுமா?" என்று கேட்பீங்கள். நியாயமான கேள்வி. அம்மம்மா இதைப் படிக்கவேணும் என்று நாங்கள் சொல்லவில்லை. ‘டிவிடி’யைக் காணாவிட்டால் எஸ்ஆர்0ஐயும் தேடிப் பார்க்காத பிளேயர், எழுதினவரின் குறைதான். ஆனால் வீட்டுக்கு ஒருவர், ஒழுங்கைக்கு ஒருவர் இதை அறிந்திருந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து பழைய கணினிகளைப் பள்ளிக்கூடங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் அனுப்புகிறார்கள். சின்னப் பழுது வந்ததும் அவை துணி போட்டு மூடப்படுகின்றன. பழுதை எங்கே தேடுவது என்று தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் அந்தத் துணி விழாது.

இதில் அவசரமும் உண்டு. வீட்டில் எழுதின சீடியிலும் டிவிடியிலும் தகவலைத் தாங்குவது மெல்லிய சாயப் படை ஒன்று. வெயில், சூடு, ஈரப்பதன் மூன்றும் அதைக் கெடுக்கும். எங்கட காலநிலையில் மூன்றுக்கும் குறைவில்லை. ஆகவே டிரைவ் திரும்பக் கிடைத்ததும் முதலில் வீடியோவைப் போட்டுப் பார்க்காதீங்கோ. முதலில் கொப்பி எடுங்கோ. கீறல் விழுந்த டிவிடிக்கு ‘டிடிரெஸ்கியூ’ நல்லது. வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பப் போகும். எங்கே விட்டதென்று குறிப்பும் வைத்திருக்கும். பழைய விசிடிகளுக்கு மட்டும் இது சரிவராது. அவற்றில் வீடியோ எழுதப்பட்ட முறை வேறு. அதுக்கு ‘விசிடிஎக்ஸ்ரிப்’ என்ற கருவி இருக்கிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாங்கள் ஒவ்வொரு வருசமும் நினைவுகூருகிறோம். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும் 2009இல் வன்னியிலும் எத்தனையோ குடும்பங்கள் படங்களை விட்டுவிட்டு வந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்மியமாக்கி வருகிறது. ஆனால் உங்கட அலுமாரிக்குள்ள கிடக்கிற டிஸ்க்குகளை ஆரும் வந்து எடுத்துக்கொண்டுபோய்க் காப்பாற்றப் போவதில்லை. அவற்றை எரிக்க ஆரும் வரத் தேவையில்லை. சும்மா விட்டாலே போய்விடும்.

ஆகவே பழைய இரும்புக்காரர் வாற சத்தம் கேட்டு அந்த டெஸ்க்டொப்பைத் தூக்கிக் குடுக்க முதல், ஒருக்கால் கரண்டைக் குடுத்து, டேர்மினலைத் திறந்து, எஸ்ஆர்0 இருக்கிறதா என்று பாருங்கோ. இருந்தால் அந்தக் கிழமை முடியிறதுக்குள்ள உறவுக்காரர் எல்லாரிட்டயும் கேட்டு டிஸ்க்குகளைச் சேருங்கோ. ஒரு டிரைவ் ஒரு ஒழுங்கைக்கே போதும்.