எந்த எல்பி?

பெங்களூரில் அண்மையில் ஓர் ஆய்வரங்கில் அமர்ந்திருந்தேன். உயிரிநெகிழிக்கு அடிப்படையான லாக்டிக் அமிலத்தை, மரபணு மாற்றப்பட்ட ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு உருவாக்குவது பற்றிய உரை. மரபணுக்களுக்கு ஏறத்தாழ இருபது படவில்லைகள், வளர்ப்பு ஊடகத்திற்கு ஒரே வரி: "எல்பி பயன்படுத்தப்பட்டது." எந்த எல்பி என்று கேட்டேன். "வழக்கமானதுதான்" என்று விடை வந்தது.

நான் நுண்ணுயிரியல் பயின்றதில்லை. மொழியியலில் முதுகலை முடித்து, அறிவியல் கட்டுரைகளின் மொழியை ஆராய்ந்து வருகிறேன். அதனாலேயே அந்த 'வழக்கமான' என்ற சொல் உறுத்தியது.

எல்பி ஊடகத்தை ஜுசெப்பே பெர்த்தானி 1951இல் வெளியிட்டார். பாக்டீரியாவுக்குள் வைரஸ் உறங்கிக் கிடக்கும் லைசோஜெனி என்ற நிலையை ஆராய்வதற்காக அவர் வகுத்தது அது. வேதிப்பொருள் உற்பத்திக்காக அன்று. 'லைசோஜெனி பிராத்' என்பதே அதன் விரிவு என்று 2004இல் அவரே எழுதிய பின்னும், நம் ஆய்வேடுகளில் அது 'லூரியா-பெர்த்தானி'யாகவே நீடிக்கிறது. பெயர்ப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மில்லர் வாய்பாட்டில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு, லெனாக்ஸ் வாய்பாட்டில் 5 கிராம். இரண்டுக்கும் பெயர் எல்பிதான்.

உப்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எல்பியில் சர்க்கரை மிகக் குறைவு. பாக்டீரியா பெரிதும் அமினோ அமிலங்களை உண்டே வளர்கிறது. அதில் குளுக்கோஸைச் சேர்த்துவிட்டு, ஒரு கிராம் குளுக்கோசுக்கு இத்தனை கிராம் விளைபொருள் என்று கணக்கிட்டால், அமினோ அமிலங்களிலிருந்து வந்த கார்பனையும் குளுக்கோஸின் கணக்கில் எழுதிவிடுகிறோம். விளைச்சல் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்க்ராமின் குழு 2003இல் டி-லாக்டிக் அமிலத்தைத் தாது உப்புகளும் குளுக்கோஸும் மட்டுமே கொண்ட ஊடகத்தில் உருவாக்கிக் காட்டியதன் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. அங்கே கணக்கில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஈஸ்ட் சாறு இல்லாததால் செலவும் குறைவு, அமிலத்தைப் பிரித்தெடுப்பதும் எளிது.

இனி நம் ஊருக்கு வருவோம். கர்நாடகம் 2016இல் நெகிழிப் பைகளைத் தடைசெய்தது. மாற்றுப் பொருளுக்கான தேவை மெய்யானது. மண்டியாவைச் சுற்றிக் கரும்பு விளைகிறது. ஆனால் கரும்பின் சர்க்கரை சுக்ரோஸ். ஆய்வகங்களில் பெரிதும் புழங்கும் ஈ.கோலை கே-12 வகையால் சுக்ரோஸை உண்ண இயலாது! குளுக்கோஸில் சாதனை படைத்த அதே பாக்டீரியா, சுக்ரோஸ் மட்டும் உள்ள ஊடகத்தில் பட்டினி கிடக்கும். இங்க்ராம் குழு இதற்கெனத் தனி மரபணுக்களைச் சேர்த்த பிறகே சுக்ரோஸிலும் மொலாசஸிலும் லாக்டிக் அமிலம் பெற்றது. கரும்புச் சக்கையைச் சிதைத்துப் பெறும் கரைசலிலோ சைலோஸும், வளர்ச்சியைத் தடுக்கும் ஃபர்ஃபியூராலும் இருக்கும். அது வேறொரு போராட்டம்.

தொடக்கநிலை ஆய்வுக்குச் செறிவான ஊடகம் வசதியானது என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். மரபணு வேலை செய்கிறதா என்று பார்க்க எல்பி போதும். நிதியும் காலமும் குறைந்த மாணவரிடம் எல்லாவற்றையும் கேட்கவும் கூடாது. ஆனால் அந்த எண்ணை ஆய்வேட்டின் சுருக்கத்தில் ஏற்றி, 'தொழில்துறைக்கு ஏற்றது' என்று எழுதும்போது அது வேறொரு கூற்றாகிவிடுகிறது. அதற்குத் தாது உப்பு ஊடகத்தில் ஒரு முறையும், உள்ளூர் மூலப்பொருளில் ஒரு முறையும் சோதித்த சான்று வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

தமிழ்ச் சொல்லுக்கும் இதில் சிறு பங்குண்டு. 'ஊடு' என்பதிலிருந்து வந்த ஊடகம், இடையில் இருக்கும் ஒன்று என்ற எண்ணத்தையே தருகிறது. பாக்டீரியாவுக்கோ அது உணவு. 'ஊட்டக்கரைசல்' என்று எழுதிப் பார்த்தேன், உடனே "என்ன ஊட்டம், எவ்வளவு?" என்ற கேள்வி எழுகிறது.

ஊடகத்தை மாற்றியதும் விளைச்சல் சரிந்த முடிவுகள் உங்களில் பலரின் குறிப்பேடுகளில் கிடக்கும். அவற்றை ஆய்வேட்டின் பின்னிணைப்பிலாவது சேர்த்துவிடுங்கள்.