புல்வெட்டி மிஷினும் மாலியின் முதுகும்

மழை தொடங்கிவிட்டது. பிலாயில் ஜூன் நடுவில் விழும் முதல் மழைக்குப் பிறகு நம் குவார்ட்டர்ஸ் முன்னால் இருக்கும் புல் பத்தே நாளில் கணுக்காலைத் தொட்டுவிடும். ஸ்கூட்டர் ஷெட்டில் சாக்கு போர்த்திக் கிடந்த புல்வெட்டி மிஷின்களுக்கு இனி செப்டம்பர் கடைசி வரை வேலை. அவற்றைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களிடம் ஒரு வழக்குப் பேச விரும்புகிறேன். மிஷினைச் சரிபார்த்து வைப்பது அதைத் தள்ளுகிற மாலியின் பொறுப்பு அல்ல, அதற்குச் சொந்தக்காரரான நம் பொறுப்பு. இவ்வளவுதான் என் வழக்கு.

நம் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். பதினான்கு அங்குல மிஷினை ஒருவர் பின்னாலிருந்து தள்ளுவார், இன்னொருவர் முன்னால் கயிறு கட்டி இழுப்பார். தேர் இழுப்பது போல இருக்கும். அந்த அளவு மிஷினை ஓர் ஆள் பேசிக்கொண்டே தள்ள முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கோளாறு மிஷினில். நாமோ, “இந்த மாலி சரியா வெட்டறதே இல்லை, திட்டுத் திட்டா விட்டுட்டுப் போறான்” என்கிறோம். அவர் “தார் நஹீன் ஹை, சாப்” என்று முனை மழுங்கியதைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக்கூலி வாங்குகிறவர் அவர். ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் போனால் அடுத்த வீட்டு வேலை கெடும். அவரே திருகைத் தொட்டுச் சரிசெய்யலாமே என்பீர்கள். தொட்டு ஏதாவது உடைந்தால் யார் கூலியில் பிடிப்போம்? அதனால்தான் அவர் தொடுவதில்லை. அவரிடம் ஸ்பேனரும் இல்லை.

இந்த மிஷின் எப்படி வெட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌடு ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டிச் சமமாக்க அந்த ஊர் ஆலைகளில் ஒரு கருவி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது. உருளையில் முறுக்கிப் பொருத்திய ஐந்தாறு பிளேடுகள், அடியில் அசையாத ஒரு நேர் பிளேடு. மேல் பிளேடு சுழன்று வந்து கீழ்ப் பிளேடைத் தொட்டும் தொடாமலும் கடக்கும்போது புல் நறுக்கென்று அறுபடும். ஆகவே இது கத்தரிக்கோல், அரிவாள் அல்ல. கத்தரிக்கோலின் நடு ஆணி தளர்ந்தால் துணி மடங்கும், அதிகம் இறுகினால் கை வலிக்கும். இங்கேயும் அதே கணக்கு.

தண்டவாளம் உருட்டும் ஆலையில் பல வருஷம் ரோல்களின் இடைவெளி பார்த்தே காலம் கழித்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வெட்டவில்லை என்றதும் திருகை இறுக்குவதுதான் வீடுகளில் நடக்கும் முதல் கெடுதல். இறுக்கினால் இரும்பும் இரும்பும் உரசும். சத்தம் வருவதால் ஏதோ கூர்மையாக ஓடுகிறது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் முனை தேயும், மிஷின் கனக்கும். அந்தக் கனம் முழுவதும் மாலியின் தோளில் ஏறும்.

சரியான முறைக்கு ஒரு பழைய செய்தித்தாள் போதும். மிஷினைச் சாய்த்து, ஒட்டிய புல்லைத் துடைத்துவிட்டு, இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டை உருளைக்கும் கீழ்ப் பிளேடுக்கும் நடுவே நீட்டி, உருளையை மெதுவாகச் சுழற்றுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்திலும் காகிதம் கத்தரித்தது போல அறுபட வேண்டும். ஒரு பக்கம் அறுத்து மறுபக்கம் மடக்கினால், மடக்குகிற பக்கத்துத் திருகை மட்டும் அரைக்கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். சில மிஷினில் கீழ்ப் பிளேடு நகரும், சிலவற்றில் உருளையே நகரும். எதுவானாலும் திருகு இரண்டு பக்கமும் இருக்கும். முடிவில் உருளையைச் சுண்டிவிட்டால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உருளையைக் கையால் பிடித்துச் சுழற்றக் கூடாது. ஒரு பிளேடைத் தள்ளினால் அடுத்த பிளேடு விரலைத் தேடி வரும். ஒரு மரக்குச்சியால் தள்ளுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

திருகு சரியாக இருந்தும் காகிதம் கிழிகிறது என்றால் முனை மழுங்கிவிட்டது. வெட்டிய மறுநாள் புல்லின் நுனி பழுப்பாகத் தெரிவதும் இதற்கு அடையாளம். மோட்டார் சாமான் கடையில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் கிடைக்கும். அதைப் பிரஷ்ஷால் பிளேடு முனைகளில் தடவி, உருளைத் தண்டின் முனையில் கைப்பிடி மாட்டி, வெட்டும் திசைக்கு எதிர்த்திசையில் சில நிமிஷம் சுற்ற வேண்டும். பிறகு டீசல் துணியால் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி காகிதச் சோதனை. சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் இந்த உருளையைக் கொடுக்காதீர்கள். கத்திக்கு அவர் கெட்டிக்காரர். இதில் கைக்கணக்கில் பிடித்தால் முனை அலை அலையாகிவிடும், பிறகு எந்தத் திருகாலும் சரிவராது.

சக்கரம் ஓடுகிறது, உருளை சுற்றவில்லை என்ற புகாரும் உண்டு. சக்கரத்துக்குள் இருக்கும் சிறு பல்சக்கரத்தில் ஓர் இரும்புத் துண்டு விழுந்து மாட்டினால்தான் உருளை சுற்றும். பழைய கிரீஸும் புல்தூளும் கெட்டியாகி அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். கழுவி, மெல்லிய எண்ணெய் மட்டும் விடுங்கள். கழற்றும்போது இடது பக்கத்தது இடதுக்கே போகட்டும். மாற்றிப் போட்டால் முன்னால் தள்ளும்போது உருளை சும்மா இருக்கும்.

நம் ஊர்ப் புல் பெரும்பாலும் தூப், அதாவது பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகம்புல். ஓர் அங்குல உயரம் அதற்கு நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு வாரம் விட்டுவிட்டு ஒரே நாளில் மொட்டையடிக்கச் சொல்வது மிஷினுக்கும் மாலிக்கும் தண்டனை. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், பின்னால் இருக்கும் ரோலரைப் பொருத்தி உயரத்தைப் படிப்படியாக இறக்கலாம்.

மின்சார மிஷின் வாங்கிவிட்டால் தொல்லை விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது அரிவாள் வகை, ஒற்றை பிளேடு வேகமாகச் சுழன்று வெட்டுவது. மழைக்கால ஈரப் புல்லில் ஒயரை இழுத்துக்கொண்டு, பல நேரம் வெறுங்காலோடு, அதைத் தள்ளப்போகிறவரும் அதே மாலிதான். நான்கு மாதத்தில் எத்தனை நாள் தரை காய்ந்திருக்கும்? பெட்ரோல் மிஷினுக்கு வேறு தொல்லை. இப்போது பம்ப்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்யாவிட்டால் அடுத்த ஜூனில் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். எந்த வகையானாலும் பிளேடுக்குப் பக்கத்தில் கை போகுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றுங்கள்.

நம் சங்க மண்டபத்துப் பழைய மிஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு மின்சார மிஷின் வாங்கலாம் என்று கமிட்டியில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதற்கு எதிர்ப்பு. அந்த மிஷினைப் பார்த்தேன். கீழ்ப் பிளேடில் ஒரு சின்னப் பொளியல், வலது பக்கத் திருகு அளவுக்கு மீறிய இறுக்கம், உள்ளே ஒரு கைப்பிடி பழைய கிரீஸ். வேறு குறை இல்லை. புது மிஷினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து ஒரு செட் ஸ்பேனரும் ஒரு டப்பா பேஸ்ட்டும் வாங்கிச் சங்கத்தில் வைத்தால், மிஷின் வைத்திருக்கும் எல்லா வீட்டாருக்கும் பயன்படும். மீதிப் பணத்தில் மாலியின் கூலியை ஏற்றிக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. கமிட்டியார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மிஷினை வராந்தாவில் கழற்றலாம் என்றிருக்கிறேன். மாலியையும் வரச் சொல்லியிருக்கிறேன், அன்றைய கூலியோடு. ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் பழைய பேப்பர் கொண்டுவாருங்கள்.