திருகாணிக்கு விலை பேசும் முன்

முதுகெலும்புச் சத்திர சிகிச்சைக்குப் போகும் நமது வர்த்தகர்கள் முதலில் கேட்பது, "ஆணி எந்த நாட்டுச் சாமான்?" என்பதுதான். டைட்டேனியம் ஆணியும் கம்பியும் கொங்கிரீட் இறுகும்வரை கொடுக்கும் முட்டு மாத்திரமே. எலும்புகள் ஒன்றாக ஒட்டினால் சுமையை எலும்பே தாங்கும். ஒட்டாவிட்டால், எந்த நாட்டுக் கம்பியும் அசைந்து அசைந்து ஒருநாள் முறியலாம், ஆணி இளகலாம். புகைத்தல் இந்த ஒட்டுதலைக் கெடுக்கும். இலட்சங்களைக் கொடுத்துவிட்டு சிகரட் பற்றவைப்பவரை என்னவென்பது?

ஒட்டிய இடம் வளையாது; அந்தப் பாரம் மேல், கீழ் மூட்டுகளுக்குப் போகும்.

1999இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில் ஒருவரின் இடைத்தட்டுக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கையில் 0.5 மெகாபாஸ்கல், முதுகை வளைத்து 20 கிலோ தூக்குகையில் 2.3, முழங்காலை மடித்துத் தூக்குகையில் 1.7. நமது கடைகளில் 50 கிலோ மூடை. நாட்டாமைமாருக்குக் கைவண்டி வாங்க யோசிக்கும் முதலாளிமார் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.