பிள்ளைகளுக்குத் தனி அளவு

ஆசிரியருக்கு,

குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைக்குத் தனி இயல்பளவு வேண்டும் என்ற கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். பெரியவர்களுக்கான இயல்பளவை அச்சிட்ட அறிக்கையில், வளரும் பிள்ளையின் அல்கலைன் பாஸ்பட்டேஸ் 300-ஐத் தொட்டால் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று வரும். எலும்பு வளரும் வயதில் அது சாதாரணம். இந்த வீண் பயமாவது தேவலை. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கிரியேட்டினின் 0.9 என்றால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். அறிக்கையோ 'இயல்பு' என்றுவிடும்.

தனி அளவை வகுக்க நோயற்ற பிள்ளைகளை ஊசியால் குத்துவது நியாயமா என்பார்கள். அதற்கு ஒவ்வொரு வயது, பாலினப் பிரிவுக்கும் குறைந்தது 120 பேர் என்பது சர்வதேச நெறிமுறை. சிறிய ஆய்வகங்களால் முடியாதுதான். ஆனால் டொராண்டோவின் காலிபர் திட்டம் ஆரோக்கியமான பிள்ளைகளிடம் ரத்தம் பெற்று, வயது, பாலின வாரியாக அளவுகளை வெளியிட்டிருக்கிறது. அவை தம் கருவிக்கும் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என ஆய்வகங்கள் 20 மாதிரிகளில் சரிபார்க்கலாமே. அதுவரை, 'இவை பெரியவர்களுக்கான அளவுகள்' என்றாவது அறிக்கையில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்