வேலி எரிந்த பிறகு

மானியம் என்ற சொல்லைக் கேட்டாலே, உழைக்காமல் பெறும் காசு என்று எண்ணியவன் நான். வகுப்பில் அப்படி வாதாடியும் இருக்கிறேன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள கிளார்க் கவுண்டி எனும் சிறு மாவட்டத்தைப் பற்றிப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது.

2017 மார்ச் 6-ஆம் நாள், ஒக்லஹோமாவில் மூண்ட 'ஸ்டார்பக்' காட்டுத்தீ, பலத்த காற்றில் மாநில எல்லையைக் கடந்து கிளார்க்கிற்குள் புகுந்தது. ஏறத்தாழ 2,000 பேர் வாழும் அம்மாவட்டத்தின் நிலத்தில் சுமார் 85 விழுக்காடு எரிந்தது. மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. மழை பெய்தால் புல் மீண்டும் முளைக்கும், வேலி முளைக்குமா? வேலி இல்லையென்றால் எஞ்சிய மாடுகளையும் மேயவிட முடியாது. ஒரு மைல் வேலிக்கு ஏறக்குறைய 10,000 டாலர் ஆகுமென்று அன்று கணக்கிட்டார்கள்.

இத்தகைய வேளையில் கைகொடுக்கவே அந்நாட்டு வேளாண் துறையின் அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. வேலி கட்டவும், இடிபாடுகளை அகற்றவும், சிதைந்த நிலத்தைச் சீராக்கவும் ஆகும் செலவில் பொதுவாக 75 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. மீதம் விவசாயியின் பங்கு. விவசாயிகளே தேர்ந்தெடுத்த மாவட்டக் குழு அதை மேற்பார்வையிடுகிறது. இது இனாம் அன்று, செலவைப் பகிர்ந்துகொள்வது.

ஆனால், ஒரு பெரிய குறை உண்டு. வேலை முடிந்த பிறகே பணம் வரும் என்பதே இத்திட்டத்தின் வழக்கம். 20 மைல் வேலி எரிந்ததாக வைத்துக்கொள்வோம். செலவு 200,000 டாலர். அரசு 150,000 டாலரைத் திருப்பித் தரலாம்; ஆனால் முதலில் முழுத் தொகையையும் புரட்ட வேண்டியவர் விவசாயி. வங்கியில் நல்ல பெயர் உள்ளவருக்கு மானியம் கிடைக்கும். ஏற்கெனவே கடனில் இருப்பவருக்கு விண்ணப்பத் தாள்தான் மிஞ்சும்.

2018-இல் இயற்றப்பட்ட வேளாண் சட்டம் ஒருவருக்கான உச்சவரம்பை 500,000 டாலராக உயர்த்தியது. வேலிக்கான உதவியில் 25 விழுக்காடு வரை முன்பணமாகப் பெறவும் வழி செய்தது. என்னைக் கேட்டால், உச்சவரம்பைவிட முன்பணமே பெரிய சீர்திருத்தம். உச்சவரம்பு பெரும் பண்ணையாளருக்கு உதவும். முன்பணம் சிறியவரைக் காப்பாற்றும். அந்த 25 விழுக்காட்டை மேலும் உயர்த்த வேண்டும்.

முன்பணம் வீணாகாதா என்று கேட்கலாம். 60 நாட்களுக்குள் செலவிடாத முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. யாருடைய வேலி எங்கே நின்றது என்பதை உள்ளூர்க் குழுவும் அறியும். இதைவிட நல்ல காவல் வேறு என்ன?

அந்தத் தீக்குப் பின் பிற மாநில விவசாயிகள் லோரி லோரியாக உலர்புல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்கள் ரசீது கேட்கவில்லை. மக்கள் வரிப்பணத்தைச் செலவிடும் அரசு கேட்கத்தான் வேண்டும். ஆனால் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, ரசீதைப் பிறகு கேட்கலாமே!

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் அரசுப் பணியில் அமர்ந்து இத்தகைய உதவித் திட்டங்களை வரையக்கூடும். அன்று நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: கையில் ஒரு காசும் இல்லாதவரால் இந்த உதவியைப் பெற முடியுமா? முடியாதென்றால், அதற்கு அவசர உதவி என்று பெயர் சூட்ட நமக்கு உரிமை இல்லை.