வரிக்குத் தெரிந்த 650, லைசென்ஸுக்குத் தெரியாதா?

பதிவு நீளம். நாலு வரி படித்துவிட்டு ‘அருமை டீச்சர்’ என்று போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்கு வகுப்பறையிலிருந்தே தெரியும். முழுதும் படியுங்கள். படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாலும் சந்தோஷம்தான்.

350 சி.சி.யைத் தாண்டிய மோட்டார் சைக்கிள் வேறு ரகம் என்பது நம் வரித் துறைக்கு நன்றாகத் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 வரை 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் போனால் 40 சதவீதம். காப்பீட்டுக்கும் தெரியும். நம் வீட்டில் இருக்கிற 100, 125 வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு 714 ரூபாய். 350-ஐத் தாண்டிய வண்டிக்கு 2,804 ரூபாய். கிட்டத்தட்ட நாலு மடங்கு.

தெரியாதது ஒன்றுக்குத்தான். ஓட்டுநர் உரிமம். 16 வயசுப் பிள்ளைக்கு கியர் இல்லாத 50 சி.சி. வரை என்று கீழே ஒரு கோடு போட்டிருக்கிறது நம் சட்டம். அதற்கு அப்புறம் 18 வயசானால் ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்று ஒரே பிரிவு. அவ்வளவுதான். மேலே வேறு கோடே கிடையாது. ஸ்பிளெண்டரில் எட்டுப் போட்டு வாங்கிய அதே அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பணம் இருந்தால், மறுநாள் காலை 2,458 சி.சி. டிரையம்ஃப் ராக்கெட் 3-ஐ ஓட்டிக்கொண்டு போகலாம். எந்தப் போலீஸும் கேட்க முடியாது. அது சட்டப்படி சரி. சட்டப்படி சரியாக இருப்பதுதான் என் கோபம்.

வாழ்நாளெல்லாம் டி.வி.எஸ். 50-யில் பள்ளிக்கூடம் போய் வந்த டீச்சருக்கு 650 சி.சி. வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பேச்சு தானாக வரவில்லை. தம்பி பேரன் ஒருவன் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 வாங்கப் போகிறானாம். வயது 20. இதுவரை ஓட்டியது அவன் அப்பாவின் ஸ்பிளெண்டர். குடும்பக் குழுவில் பத்து நாளாக வண்டிப் படம்தான் ஓடுகிறது. கடனுக்கு ஜாமீன் போட பென்ஷன்காரி ஒருத்தி வேண்டுமாம், அந்த வகையில் நான் உள்ளே வந்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையும் படிக்கிற பழக்கம் எனக்கு. அதனால் அந்த வண்டியின் விவரத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ மட்டும்தான், இன்ஜினியரிங் இல்லை. ஆனாலும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எது பெரிது என்று பார்க்க அது போதும். உங்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே.

முதலில் குழுவில் நடக்கிற விவாதத்தைச் சொல்கிறேன். ஆஸ்ட்ரலா, இன்டர்ஸ்டெல்லாரா, செலஸ்டியலா? மூன்று மாடல். பேரைக் கேட்டால் கோளரங்கத்துக்குள் போய்விட்ட மாதிரி இருக்கிறது. 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது ஆஸ்ட்ரல் சுமார் 3.49 லட்சம், இன்டர்ஸ்டெல்லார் 3.64, செலஸ்டியல் 3.79. ஒவ்வொரு படிக்கும் 15,000. சரி, அந்தப் பதினைந்தாயிரத்துக்கு என்ன மாறுகிறது? ஆஸ்ட்ரலில் டேங்க் ஒரே நிறம். இன்டர்ஸ்டெல்லாரில் இரட்டை நிறம். செலஸ்டியலில் இரட்டை நிறத்தோடு முன்னால் பெரிய கண்ணாடி, சொகுசு சீட், பின்னால் உட்காருகிறவருக்கு முதுகுச் சாய்மானம். மூன்றிலும் அதே இன்ஜின், அதே சட்டம், அதே பிரேக், அதே டயர். இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். மூன்றிலும் உண்டு, பாதுகாப்பை விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் என்று ஒதுக்காததற்குக் கம்பெனியைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆக, குழுவில் பதினெட்டுப் பேர் பத்து நாளாக அடித்துக்கொள்வது பெயின்ட்டுக்கும் கண்ணாடிக்கும். 2023-இல் வந்தபோது முதல் மாடலுக்கும் கடைசி மாடலுக்கும் வித்தியாசம் 30,000 ரூபாய். அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடுகிற பூட்ஸ் எல்லாம் வந்துவிடும். அதைப் பற்றி ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாய் திறக்கவில்லை. ‘நீலம் எடுடா, போட்டோவுக்கு நல்லா வரும்’ என்று எழுதிய பெரிய மனிதர் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்.

இப்போது யாரும் படிக்காத வரிகளுக்கு வருகிறேன். ஸ்பிளெண்டர் 97.2 சி.சி., சுமார் 8 குதிரைத்திறன், எடை 112 கிலோ. சூப்பர் மீட்டியார் 648 சி.சி., இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், எடை 241 கிலோ. திறன் ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. எடை இரண்டு மடங்குக்கும் மேல். இன்ஜினின் முறுக்குவிசை ஸ்பிளெண்டரில் 8 நியூட்டன் மீட்டர் சொச்சம், இதில் 52.3. கையைக் கொஞ்சம் முறுக்கினால் ஸ்பிளெண்டர் ‘வரேன் வரேன்’ என்று கிளம்பும். இது கேட்ட மாத்திரத்தில் கிளம்பும். பழைய வண்டியில் பழகிய மணிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நம் மூளை யோசித்து முடிப்பதற்குள் மணிக்கட்டு பழைய பழக்கப்படிதான் முறுக்கும்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. சீட் உயரம். ஸ்பிளெண்டரில் 785 மில்லிமீட்டர். சூப்பர் மீட்டியாரில் 740. கவனித்தீர்களா? இரண்டு மடங்கு எடையுள்ள வண்டியின் சீட் நாலரை சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கிறது. குரூசர் என்றாலே அப்படித்தான்: தாழ்ந்த சீட், நீட்டிய கால், நீளமான உடம்பு. நீண்ட தூரம் அலுப்பில்லாமல் போவதற்கான வடிவம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஷோரூமில் என்ன நடக்கிறது? பையன் ஏறி உட்காருகிறான். இரண்டு காலும் தரையில் சப்பையாகப் பதிகிறது. ‘அட, நம்ம வண்டியைவிட இது சுலபமா இருக்கே!’ பளிங்குத் தரையில் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிக்கு எடையே இல்லை பிள்ளைகளே. எடை தெரிவது சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளும்போது. மணல் கிடக்கிற வளைவில் முன்பிரேக்கைப் பிடிக்கும்போது. குறுகலான இடத்தில் திருப்பும்போது, ஒரு பக்கம் சாய ஆரம்பித்த வண்டியை ஒற்றைக் காலால் தாங்கப் பார்க்கும்போது.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 1,500 மில்லிமீட்டர், ஸ்பிளெண்டரில் 1,236. நீளம் கூடினால் நேர்சாலையில் ஆடாமல் போகும், திருப்பத்துக்கு இடம் அதிகம் கேட்கும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் சின்ன வண்டியில் போட்ட அந்த எட்டை இந்த வண்டியில் போடச் சொல்லிப் பாருங்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் கால் ஊன்றாமல் முடிப்பார்கள்?

அந்த ஷோரூமில் (பெயர் வேண்டாம்) பையனுக்குச் சோதனை ஓட்டம் கொடுத்தார்களாம். லைசென்ஸைக் கேட்டார்கள், பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கு முன் எந்த வண்டி ஓட்டினாய் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. சட்டமே கேட்காதபோது விற்கிறவர் ஏன் கேட்கப் போகிறார்?

மற்ற ஊர்களில் கேட்கிறார்கள். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒருவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே முதலில் 2பி என்று ஒரு லைசென்ஸ், 200 சி.சி. வரைதான். அதை ஒரு வருடமாவது வைத்திருந்தால்தான் 2ஏ, அது 400 வரை. அதிலும் ஒரு வருடம் போனபிறகுதான் அதற்கு மேற்பட்ட வண்டிக்கான வகுப்பு. ஒவ்வொரு படியிலும் பயிற்சி, தேர்வு. ஜப்பானில் 400 வரை ஒரு லைசென்ஸ், அதற்கு மேல் தனி லைசென்ஸ். அங்குள்ள ஓட்டுநர் பள்ளிகளில், தரையில் படுத்துக் கிடக்கிற பெரிய வண்டியை நிமிர்த்தி நிறுத்தப் பழக்குகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் கணக்குதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அங்கே 18 வயதில் கிடைப்பது ஏ2 என்ற நடுத்தர லைசென்ஸ். அதில் 35 கிலோவாட் திறன் வரையுள்ள வண்டியைத்தான் ஓட்டலாம். தேர்வும் அந்த ரக வண்டியில்தான். அதில் இரண்டு வருடம் ஓட்டியபிறகுதான் அடுத்த படி. சூப்பர் மீட்டியாரின் திறனைக் கிலோவாட்டில் சொன்னால் எவ்வளவு தெரியுமா? 34.6. கோட்டுக்கு 0.4 கீழே. இது தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை. நம் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில், நம் பிள்ளைகள் கையால் பூட்டி முடுக்கிய வண்டி, வெளிநாட்டுப் பிள்ளையின் லைசென்ஸ் படிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. அந்தப் பிள்ளை அந்தப் படிக்குத் தேர்வு எழுதிவிட்டு அதை ஓட்டுகிறான். நம் பிள்ளை முன்பணம் கட்டிவிட்டு ஓட்டுகிறான்.

இனி எனக்கு வரப்போகிற பதில்கள். சில ஏற்கெனவே போனில் வந்துவிட்டன.

‘சாலையில் விழுகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வண்டிக்காரர்கள்தானே டீச்சர்.’ இருக்கலாம். சாலையில் ஓடுவதே பெரும்பாலும் சின்ன வண்டிதான். அதனால் பெரிய வண்டிக்குப் பயிற்சி வேண்டாம் என்று எப்படி ஆகும்? வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு விநாடி வேறு பக்கம் பார்த்தால் 22 மீட்டர் கண்மூடிப் போயிருப்பான். உளுந்தூர்ப்பேட்டை சாலையில் நடுத்தடுப்பைத் தாண்டி ஆட்டை ஓட்டி வருகிற பெரியவருக்கு அந்த 22 மீட்டர் போதுமா? ஸ்பிளெண்டரில் 80 தொட்டால் வண்டியே நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். இந்த வண்டியில் 80 என்பது தாலாட்டு. அது நல்ல தயாரிப்பு என்பதால்தான் வேகம் தெரியாமல் போகிறது.

‘இன்னொரு லைசென்ஸ் என்றால் இன்னொரு லஞ்சம்.’ இதைச் சொன்னவன் என் மாணவன், அதுவும் நன்றாகப் படித்தவன். கையூட்டு வாங்குவார்கள் என்பதற்காகத் தேர்வே வேண்டாம் என்றால் பத்தாம் வகுப்புத் தேர்வையும் மூடிவிட வேண்டியதுதான். காப்பி அடிக்கிறவன் இருக்கிறான் என்று நாம் பரீட்சையை நிறுத்தினோமா? நான் மேற்பார்வைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

‘பையன் ஆசைப்படுகிறான், அத்தை, விடுங்களேன்.’ இதைச் சொல்வது வீட்டுப் பெண்கள். ஆசை தப்பே இல்லை. அழகான வண்டி அது, அந்தப் பச்சை நிறத்தை நானே இரண்டு தரம் பார்த்தேன். நான் கேட்பது, ஆசைக்கும் சாவிக்கும் நடுவில் ஒரு படி.

அந்தப் படிக்குப் பெரிய செலவும் இல்லை. 350 என்ற கோட்டை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வரிக்கும் காப்பீட்டுக்கும் ஏற்கெனவே போட்டு வைத்த கோடுதான். அதே கோட்டை உரிமத்திலும் போடுங்கள். அதற்கு மேற்பட்ட வண்டிக்கு, சாதாரண லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் கழித்து, அந்த அளவு வண்டியிலேயே இன்னொரு தேர்வு வையுங்கள். மெதுவாகத் திரும்புதல், திடீர் பிரேக், வண்டியைத் தள்ளுதல், நிமிர்த்துதல். ஒரு வண்டிக்கு 40 சதவீதம் வரி வாங்குகிற அரசாங்கம் அதில் கொஞ்சம் எடுத்து ஒரு மைதானம் போட முடியாதா? சட்டத்தை மாற்ற வேண்டியது டெல்லி. என் மாணவர்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கிறீர்கள், கட்சியில் இருக்கிறவர்களும் உண்டு. மனு எழுதித் தாருங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஷோரூம் நடத்துகிற இரண்டு பேர் இருக்கிறீர்கள். நீங்கள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 350-க்கு மேல் விற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் சாவி கொடுப்பதற்கு முன் அரை நாள் பயிற்சி கொடுங்கள். வாழைப்பழமும் மாலையும் வைத்துப் படம் எடுக்கிற நேரத்தில் இதையும் செய்யலாம்.

கடைசியாகத் தம்பி பேரனுக்கு. நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும், கண்ணு. ஜாமீன் கையெழுத்து இப்போது கிடையாது. ஒரு வருடம் ஏதாவது ஒரு 350-ஐ ஓட்டு. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்கு வேண்டுமானால் நான் பணம் தருகிறேன். அப்புறம் அந்த 241 கிலோவைத் திடலில் படுக்கப் போட்டு, யார் உதவியும் இல்லாமல், முதுகைக் கொடுத்து நிமிர்த்தி நிறுத்து. அதிலேயே கால் ஊன்றாமல் ஒரு எட்டும் போட்டுக் காட்டு. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். முடித்த அன்றைக்கே பேனாவோடு வங்கிக்கு வருகிறேன். நிறம் உன் இஷ்டம்.